முத்துப்பேச்சியின் கடப்பாரையில் நின்ற மின்னல்

சித்திரை பிறந்த நாளிலிருந்து வெண்ணங்கரை ஒலிபெருக்கி ஒரே செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கடலோரப் பகுதிகளில் வெப்பமும் ஈரப்பதமும் இயல்பைவிட அதிகமாக இருக்கும், அதனால் அசௌகரியம் ஏற்படலாம், தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்ய வாய்ப்பு உண்டு என்று அது காலையும் மாலையும் சொல்ல, நாங்கள் முதல் பாதியை நம்பினோம், இரண்டாம் பாதிக்குச் சிரித்தோம். அந்த ஓரிரு இடங்களில் ஒன்றாக எங்கள் ஊர் ஒருநாளும் இருந்ததில்லை. கோடை மழை பக்கத்து ஊரை நனைக்கும், அதற்கடுத்த ஊரில் பனைமரங்களைச் சாய்க்கும், எங்கள் எல்லைக்கல்வரை வந்து எதையோ மறந்துவிட்டவள்போலத் திரும்பிப் போய்விடும். மறுநாள் போய்ப் பார்த்தால் மணலில் ஈரத்துக்கும் வறட்சிக்கும் நடுவே கயிறு பிடித்துப் போட்டதுபோல் ஒரு கோடு கிடக்கும்.

அசௌகரியம் என்ற சொல்லை மட்டும் நாங்கள் எங்களுடையதாக்கிக்கொண்டோம். முகத்தைத் துடைத்துக்கொண்டே இன்றைக்கு அசௌகரியம் சாஸ்தி என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளை அழுதால் அசௌகரியத்தில் அழுகிறது, மாடு பால் கொடுக்காவிட்டால் அதுவும் அசௌகரியம்தான். காற்று நனைந்த கம்பளிபோல் தெருவில் கிடந்தது. தீக்குச்சி உரசினால் சிணுங்கியதே தவிரப் பற்றவில்லை, பொரித்த அப்பளம் சட்டியைவிட்டு வெளியே வந்ததும் வெட்கப்பட்டு மடங்கியது, பள்ளிக்கூடச் சுவரில் போன தேர்தலுக்கு ஒட்டிய சுவரொட்டிகள் தாமாகவே உரிந்து விழுந்து, மேடையில் ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட வேட்பாளர்கள் தரையில் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கிடந்தார்கள்.

எங்கள் ஊர் பாதி கடல், பாதி உப்பு. கிழக்குத் தெருக்காரர்கள் வள்ளத்தில் போய் மீன் பிடிப்பவர்கள், மேற்குத் தெருக்காரர்கள் அளத்தில் உப்பு வாருபவர்கள். ஊருணி காய்ந்து அடியில் சேறுகூட இல்லாமல் போன கோடைகளில் கிழக்குத் தெரு அண்ணாந்து பார்த்து மழை கேட்கும், மேற்குத் தெரு அண்ணாந்து பார்த்து அது வேண்டாம் என்று கேட்கும், இரண்டும் ஒரே வானத்தைப் பார்த்துக் கேட்பதால் யாருக்கும் பதில் கிடைக்காது. உப்புக்காரர்கள் பாத்தி கட்டிய நாளிலிருந்து அம்பாரமாகக் குவித்த கடைசி உப்பு லாரியேறும்வரை மழை என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள். பெரியம்மா என்பார்கள். பெரியம்மா இன்றைக்கு வடக்கே போகிறாள், பெரியம்மாவுக்கு இங்கே என்ன வேலை, பெரியம்மா நல்லா இருக்கட்டும் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

மின்னலுக்கும் ஒரு முறை உண்டு. கோடையின் முதல் மின்னல் கண்ணில் பட்டவுடன், வீட்டில் இருக்கும் இரும்பு எதுவானாலும், அரிவாளோ தோசைக்கல்லோ உடைந்த சைக்கிள் சங்கிலியோ, எடுத்து முற்றத்தில் படுக்கப்போட வேண்டும். மின்னல் அதைப் பார்க்கும், நம்மை நினைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படும், மேலாகவே போய்விடும். இரும்பை நட்டுவைக்கக் கூடாது. நட்டுவைத்த இரும்பு விருந்தாளிக்குப் போட்ட பலகை. பலகை போட்டால் உட்காராமல் போவது மரியாதை இல்லை என்பது மின்னலுக்கும் தெரியும்.

முத்துப்பேச்சிக்கும் இது தெரியும். இருபது வருஷமாக அடுத்தவர் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரியவளுக்கு இது தெரியாமல் இருக்குமா. ஆனால் அந்த வருஷம்தான் அவள் முதன்முதலாகத் தன் பேருக்கென்று சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான், தம்பிமார் யாரும் துணைக்கு இல்லை, தனி ஆளாக வரப்புக் கட்டி, தண்ணீர் பாய்ச்சி, வாரி, சுமந்து, அவள் தன் தலைக்குமேல் உயரமாக ஓர் அம்பாரம் சேர்த்திருந்தாள். அது லாரியேறினால் பாத்தி அடுத்த வருஷமும் அவளுடையது. கரைந்தால் குத்தகை வேறு கைக்குப் போகும், அவள் மறுபடியும் அதே பாத்தியில் கூலிக்கு இறங்க வேண்டியதுதான். ஊரில் இது எல்லாருக்கும் தெரியும், அவள் அந்த அம்பாரத்தைப் பார்க்கிற பார்வையை எல்லாரும் பார்த்திருந்தோம். வேலை முடிந்த பிறகும் அவள் வீட்டுக்குப் போகாமல் அதன் நிழலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவாள்.

வைகாசி தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், புழுக்கம் தாங்காமல் நாய்கள் எல்லாம் கடலில் கழுத்தளவு நின்றுகொண்டிருந்தபோது, மேற்கிலிருந்து ஒரு மேகம் வந்தது, எல்லைக்கல்லைத் தாண்டியும் வந்தது. அளத்தில் முத்துப்பேச்சி மட்டும் இருந்தாள். காற்று கிளம்பி அம்பாரத்தை மூடியிருந்த ஓலைகளைத் தூக்கியது. வானம் ஒருமுறை சிமிட்டியது. அவள் கையில் இருந்த இரும்பு, வரப்பைச் சரிசெய்யக் கொண்டுவந்த கடப்பாரை. அதைப் படுக்கப்போட வேண்டும் என்ற நினைப்பும், பறக்கிற ஓலையைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பும் ஒரே நேரத்தில் வந்தன, கை முதல் நினைப்பில் பாதியையும் கால் இரண்டாவது நினைப்பு முழுவதையும் செய்ய, கடப்பாரையை அப்படியே மேட்டில் குத்திவிட்டு ஓலைக்குப் பின்னால் ஓடினாள்.

மின்னல் இறங்கியது. கடப்பாரையின் தலையைத் தொட்டது. நின்றுவிட்டது.

ஓலையோடு திரும்பி வந்தவள் பார்த்தபோது, பனங்கிழங்கின் நார் அளவுக்கு மெல்லிசாக, வெள்ளையும் நீலமுமாக ஓர் ஒளிக்கோடு கடப்பாரைத் தலையிலிருந்து மேகத்தின் வயிறுவரை நெளிந்துகொண்டிருந்தது. ஒரு முனை இங்கே இருந்ததால் மேகமும் போகவில்லை, முளையில் கட்டிய எருமைபோல் அளத்தின் மேலே சுற்றிச் சுற்றி வந்து படுத்துக்கொண்டது. இடி வரவில்லை. தெருவில் அர்ச்சுனா அர்ச்சுனா என்று சொல்லக் காதைப் பொத்திக்கொண்ட பிள்ளைகள் காத்திருந்து காத்திருந்து கை வலித்துக் காதை விட்டார்கள். மின்னல் போனால்தானே இடி வரும், மின்னல்தான் போகவே இல்லையே என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடிவுசெய்துகொண்டு விளையாடப் போய்விட்டார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் யாருக்கும் வேலை ஓடவில்லை. ஊர் முழுவதும் அளத்தில்தான் இருந்தது. பக்கத்தில் போனால் தலைமுடி எழுந்து நின்றது, சடை போட்ட பெண்களின் சடைகள் பக்கவாட்டில் மிதந்தன, கண்ணாடி வளையல்கள் வண்டுபோல முரன்றன. யார் எவ்வளவு பக்கத்தில் போய் நிற்பது என்று இளவட்டங்களுக்குள் பந்தயம் நடந்தது. ஓர் ஆசாமி வழுக்கைத்தலை என்பதால் எதுவும் எழுந்து நிற்காமல் போக, மின்னலுக்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஊர் அவனை ஒரு வாரம் கேலிசெய்தது. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, இது அனுமதி பெற்ற இணைப்பா என்று கேட்டு, மீட்டரைத் தேடி, கடப்பாரையைச் சுற்றி வந்து, கடைசியில் தன் கைப்பேசி பையிலேயே சார்ஜ் ஏறியிருப்பதைக் கண்டு திரும்பிப் போனார். மறுநாள் குடும்பத்தோடு வந்தார்.

ஒலிபெருக்கி வழக்கம்போல ஓரிரு இடங்களில் வாய்ப்பு உண்டு என்றது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இடம் நாங்கள்தான் என்று பேருந்தில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னோம். நடத்துநர் எங்கள் நிறுத்தத்தின் பேரை மாற்றி மின்னல் எறங்கு, மின்னல் எறங்கு என்று கூப்பிட ஆரம்பித்தார். கருப்பட்டிக் காப்பிக்கடை வரப்போரத்துக்கு இடம் மாறியது. ராத்திரி என்று ஒன்று இல்லாமல் போனதால் சேவல்கள் நினைத்தபோதெல்லாம் கூவின, கோழிகள் எப்போது முட்டையிடுவது என்று தெரியாமல் எப்போதும் இட்டன. கடலுக்குப் போன வள்ளங்கள் திசை பார்க்காமலே நேரே கரைக்கு வந்தன. கல்யாணம் பேசிய வீட்டார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மின்னலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள், எல்லாப் படத்திலும் இருவருக்கும் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது, அதுவே அந்த வருஷத்து அழகு என்று ஆகி, அளத்துக்கு வராத பெண்கள்கூடத் தலையைக் கலைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். ஈரத் துணியைக் கொடியில் போட்டுக் கைதட்டுவதற்குள் காய்ந்தது. வத்தலும் கருவாடும் அளத்து வரப்பு முழுக்கப் பரப்பப்பட்டு, எது யாருடையது என்று தினமும் சண்டை நடந்தது.

முத்துப்பேச்சிக்கு இன்னொன்றும் நடந்தது. மற்றப் பாத்திகளில் புழுக்கத்தில் தண்ணீர் கனத்து நின்றதே ஒழிய உப்புப் பூக்கவில்லை, அவளுடைய பாத்தியில் மட்டும் மின்னலின் சூட்டில் ஒவ்வொரு நாளும் கற்கண்டுபோலக் கட்டங்கட்டமாக, கையில் எடுத்தால் மறுபக்கம் தெரிகிற உப்பு. அவள் வாரினாள், சுமந்தாள், அம்பாரம் இன்னும் உயர்ந்து ஓலைக்குடிசை உயரத்துக்கு வளர்ந்தது. மின்னல் நிற்கிறவரை மேகம் அவிழாது, மேகம் அவிழாதவரை அம்பாரத்துக்குப் பயமில்லை. கூலிக்காரியாக இருந்தபோது யாரும் பெயர் சொல்லி அழைக்காத அவளை இப்போது அண்ணாச்சிமார் முத்துப்பேச்சி, காப்பி குடிச்சியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினாள், நடையும் கொஞ்சம் மாறியிருந்தது.

ஆனால் லாரி வரவில்லை. உப்பு வியாபாரியின் லாரி சாக்குக்கட்டுகளோடு வந்தது உண்மைதான், எல்லைக்கல் தாண்டியதும் அதன் இரும்பெல்லாம் சிலிர்த்து, இன்ஜின் விக்கி நின்று, பின்பக்கக் கதவு தானாகத் திறந்து திறந்து மூடியது. ஓட்டுநர் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். தண்ணீர் லாரிக்கும் அதே கதி. அதற்குப் பிறகு பேருந்தும் எல்லைக்கு அப்பாலேயே ஆட்களை இறக்கிவிட்டது. மேலே மேகம் நாளுக்கு நாள் தடித்துத் தாழ்ந்து, பனைகளின் தலையைத் தொட்டுக்கொண்டு, யார் சமையலில் என்ன என்று பார்ப்பதுபோல் கூரைகளுக்கு மேல் கிடந்தது. அதன் கீழே புழுக்கம் முன்னைப்போல் பத்து மடங்கு. சுற்றுவட்டாரத்தில் மழை பெய்கிறது என்று ஒலிபெருக்கி ஒவ்வோர் ஊராகச் சொன்னது. நாங்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தோம், போகும்போது வேர்வை சிந்தும், வரும்போது குடத்துத் தண்ணீரில் பாதி சிந்தியிருக்கும். மின்னல் எறங்கு என்று யாரும் இப்போது சிரிக்கவில்லை.

மின்னலை அனுப்பிவிடலாம் என்று முடிவுசெய்ய ஊருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ஊராட்சித் தலைவர் சிவனணைந்தான் தேங்காய்நார்க் கயிற்றைக் கடப்பாரையில் சுற்றி ஆட்களோடு இழுத்துப் பார்த்தார். கடப்பாரை அசையவில்லை, கயிறு மட்டும் கருகியது, அவருடைய மீசை மேல்நோக்கி நிமிர்ந்தது நிமிர்ந்தபடி நின்றுவிட, கூட்டங்களில் அவர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் அலுவலர்கள் திண்டாடினார்கள். பூசாரி வந்து சூடம் காட்டினார், உபதேசியார் வந்து ஜெபம் சொன்னார், மின்னல் இரண்டையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றது. பிறகுதான் எல்லாருக்கும் தோன்றியது. பலகை போட்டவர்கள் இருக்கும்போது அடுத்த வீட்டுக்காரன் வந்து விருந்தாளியை எழுப்பினால் எந்த விருந்தாளி எழுந்திருப்பார். போட்டவள்தான் எடுக்க வேண்டும்.

முத்துப்பேச்சியிடம் நேராகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வத்தல் எடுக்க வந்ததுபோல் ஒருத்தி வந்தாள், பேச்சோடு பேச்சாகத் தன் பிள்ளைக்கு வேர்க்குரு என்றாள். காப்பிக்கடைக்காரர் நாளையிலிருந்து தண்ணீர் இல்லை, காப்பி இல்லை என்று காற்றிடம் சொன்னார். சிவனணைந்தான் மீசையோடு வந்து அம்பாரத்தைச் சுற்றிப் பார்த்து, உப்பு நல்ல உப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உப்பு வாரிக்கொண்டே இருந்தாள். கடப்பாரைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கடைசியில் கிழக்குத் தெருவிலிருந்து லூர்தம்மாள் வந்தாள். மீன்கூடை சுமந்து சுமந்து கழுத்து தடித்தவள், மனதில் பட்டதை நாக்கில் நிறுத்தாதவள். அவள் பின்னால் தெருவே வந்தது, காலிக் குடங்களோடு, பக்கத்து ஊருக்குப் போகிற வழியில். அளத்து வரப்பில் நின்றுகொண்டு லூர்தம்மாள் கேட்டாள்.

"ஏளா முத்து, ஆடு கோழி வளப்பாவ, கேட்டிருக்கேன். மின்னல வளக்குத பொம்பளைய இப்பத்தான் பாக்கேன்."

கூட்டத்தில் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. முத்துப்பேச்சி வாருபலகையைக் கீழே வைத்தாள். மேலே பார்த்தாள், மேகம் அவள் அம்பாரத்துக்கு நேர்மேலே, கை எட்டினால் தொடலாம் போலத் தொங்கியது.

"எடுக்க மாட்டேன்னு யார்ட்ட சொன்னேன், அக்கா. எடுத்த நிமிசம் பெரியம்மா மொத்தமும் இதுமேலதான் எறங்குவா. ஓல தாங்குமா?"

"லாரில ஏத்தி விடு."

"லாரி எங்க வருது."

 எல்லாரும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் என்றார்கள், லீவில் கூரையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். கோவில் மண்டபத்துக்குச் சுவர் கிடையாது. வீடுகளில் கொட்டலாம் என்றால், இந்தப் புழுக்கத்தில் தரையெல்லாம் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, கொட்டின உப்பு விடிவதற்குள் வாசல்வழி ஓடிவிடும். சாக்குகள் எல்லாம் வியாபாரியின் லாரியோடு போய்விட்டன. 

"இருவது வருசம் அடுத்தவன் பாத்தில வாருனேன்," என்றாள் முத்துப்பேச்சி, யாரையும் பார்க்காமல். "இது எம் பேர்ல மொத அம்பாரம். ஊருக்குத் தண்ணி வேணும்னு எனக்குத் தெரியாதா. நாளைக்கு எடுக்கேன், நாளைக்கு எடுக்கேன்னு தெனமும் நினைக்கேன். கை போக மாட்டேங்கு, அக்கா."

 லூர்தம்மாள் இடுப்பிலிருந்த காலிக் குடத்தைப் பார்த்தாள். பிறகு வரப்பிலிருந்து இறங்கி நேரே அம்பாரத்துக்குப் போய், ஓலையை விலக்கி, இரண்டு கையாலும் உப்பை அள்ளி அள்ளிக் குடத்தில் போட்டாள், கழுத்துவரை நிரப்பி, தட்டி இறக்கி, இன்னும் கொஞ்சம் போட்டு, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். உப்புக் குடம் தண்ணீர்க் குடத்தைவிடக் கனம், அவள் நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையாகக் குடங்கள் இறங்கின. பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், செப்புத் தவலை, ஊறுகாய் ஜாடி, இட்லிக்கொப்பரை, நெல் அவிக்கிற அண்டா, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வாளி, வீட்டில் மூடிபோட்ட பாத்திரம் ஒன்று விடாமல் அளத்துக்கு வந்து நிறைந்து திரும்பிப் போனது. குடம் இல்லாதவர்கள் ஓலைப்பெட்டியில் சுமந்துபோய் அடுத்தவர் குடத்தில் கொட்டினார்கள். கிழக்குத் தெருக்காரர்கள் வாழ்நாளில் பாத்திக்குள் கால் வைத்ததில்லை, உப்புத் தண்ணீர் பாதவெடிப்பில் ஏற ஐயோ ஐயோ என்றுகொண்டே ஓடினார்கள், இதிலயாளா நீங்க தெனமும் நிக்கிய என்று மேற்குத் தெருக்காரர்களைப் பார்த்துக் கேட்டார்கள். சிவனணைந்தான் தன் வீட்டு நகைப்பெட்டியைக் காலிசெய்து உப்பை நிரப்பிக்கொண்டு போனார். உச்சி சாய்ந்தபோது அம்பாரம் இடுப்பளவு, வெயில் தாழ்ந்தபோது முழங்காலளவு, பிறகு விளக்குமாற்றால் கூட்டி அள்ளுகிற அளவு. முத்துப்பேச்சி நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். யார் எவ்வளவு கொண்டுபோனார்கள் என்று அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை.

அப்போதுதான் காப்பிக்கடைக்காரர் ஒன்றைக் கேட்டார். எல்லாப் பாத்திரத்திலும் உப்பு, சரி, இப்போது வரப்போகிறவளை எதில் பிடிப்பது. ஊர் அப்படியே நின்றது. ஊருணிக்குப் போகிறது போகட்டும், ஆனால் அது கலங்கித் தெளிய நாளாகும், இன்றைக்குக் குடிக்க எதில் பிடிப்பது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், திரும்பிப் போய்ப் பாதி உப்பைக் கொட்டிவிடலாமா என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்ததை யாரும் வாயால் சொல்லவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்த லூர்தம்மாள் தன் புருஷனைக் கூப்பிட்டாள். கரையில் தார் பூசக் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளங்களைக் காட்டினாள். நிமித்திப் போடுங்க என்றாள், அவ்வளவுதான். ஆண்கள் கடற்கரைக்கு ஓடினார்கள், ஏலேலோ போட்டு ஒவ்வொரு வள்ளமாகப் புரட்டினார்கள், கரை நெடுக வள்ளங்கள் வானத்தைப் பார்த்து வாய் திறந்து நின்றன.

முத்துப்பேச்சி கடப்பாரையிடம் போனாள். பக்கத்தில் போகப் போக அவள் கொண்டை அவிழ்ந்து, முடி முழுவதும் மேலே எழுந்து, மின்னலோடு சேர்ந்து ஆடியது. பல் கூசியது என்று பின்னால் சொன்னாள். கயிறு இல்லை, துணி இல்லை, வெறும் கையால் கடப்பாரையைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்தவர்களைப் போ என்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லாததால், போயிட்டு வாரும் என்று மெதுவாகச் சொன்னாள். இழுத்தாள். வெண்ணெயில் குத்தியிருந்ததுபோல் வந்துவிட்டது.

சேலையில் ஓடிய நூலை யாரோ மேல் முனையைப் பிடித்து உருவுவதுபோல் மின்னல் மேலே போனது. நிதானமாகப் போனது, போகும்போது ஒருமுறை நெளிந்தது, மேகத்துக்குள் அதன் கடைசி நுனி மறைந்தது. அத்தனை நாளில் முதன்முறையாக எங்கள் ஊரில் பொழுது சாய்ந்த இருட்டு வந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. சேவல்கள் குழம்பிப்போய் வாயை மூடின.

பிறகு இடி வந்தது. அது ஒரு நாளைய இடி இல்லை, வராமல் நின்ற அத்தனை நாளின் இடியும் ஒன்றாக வந்தது, காதில் கேட்பதற்கு முன்பே நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. ஓடுகள் எல்லாம் ஓரங்குலம் இடம்மாறி உட்கார்ந்தன, கோழிகள் இருந்த இடத்தில் குந்தின, கோவில் மணியும் மாதா கோவில் மணியும் யாரும் தொடாமல் ஒன்றாக அடித்தன, சிவனணைந்தானின் மீசை கீழே இறங்கியது. பிள்ளைகள் இத்தனை நாளாகச் சேர்த்துவைத்திருந்த அர்ச்சுனாவை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தார்கள். ஒரு துளி விழுந்தது, புளியங்கொட்டை அளவு. அளத்து நடுவில் கடப்பாரையோடு நின்ற முத்துப்பேச்சி மேலே முகத்தைக் காட்டி, பிறந்ததிலிருந்து அளத்தில் நின்று சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"மழை."

அதைச் சொல்லி முடிக்குமுன் அது அவள் வாய்க்குள்ளேயே விழுந்தது. அப்படி ஒரு மழையை எங்கள் ஊர் பார்த்ததில்லை. முதல் பெருக்கில் மீன்வாடையும் தார்வாடையும் கழுவிப் போக வள்ளங்களைச் சாய்த்து ஊற்றினார்கள், இரண்டாவது பெருக்கில் நிறைத்தார்கள், பெண்கள் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மாடு குடிப்பதுபோல் நேராக வாய்வைத்துக் குடித்தார்கள், வேர்க்குருப் பிள்ளைகளை உள்ளே தூக்கிப் போட்டார்கள், போடாதிய, குடிக்கிற தண்ணி என்று ஒருத்தி கத்த, நீயும் எறங்கு என்று அவளையும் பிடித்துத் தள்ளினார்கள். முத்துப்பேச்சி கடப்பாரையைக் கையிலிருந்து விடாமலே கரைக்கு வந்தாள். லூர்தம்மாள் தன் வள்ளத்திலிருந்து இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திக்கொண்டு வந்து, குடி என்று அவள் வாயருகே காட்டினாள். அவள் குடித்தாள். லேசாக மீன் வாடை அடித்தது.

விடிந்தபோது வானம் கழுவிய தட்டுபோல் இருந்தது. அளத்தில் அம்பாரம் இருந்த மேடு வெறும் மேடாக இருந்தது, அங்கே உப்பு இருந்ததற்கான வெள்ளைகூட இல்லை. எல்லைக்கல் தாண்டி லாரி உள்ளே வந்தது, இன்ஜின் விக்கவில்லை, கதவு அடித்துக்கொள்ளவில்லை. வியாபாரி இறங்கி வெறும் மேட்டைப் பார்த்து, முத்துப்பேச்சியைப் பார்த்து, உச்சுக்கொட்டினார். எல்லாம் போச்சா என்று கேட்டார்.  ராத்திரி முழுக்க அவளுக்கு உறக்கம் இல்லை. அத்தனை கூட்டத்தில், அத்தனை அவசரத்தில் யார் வீட்டுக்கு எது போனது என்று அவளுக்கு எப்படித் தெரியும். இந்த வாசல், அந்த வாசல் என்று போய்க் கேட்பதா, கேட்டால் இல்லை என்றால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து விடியவைத்திருந்தாள். வியாபாரி லாரியின் கதவைச் சாத்தச் சொன்னார்.

அவள் தெருமுனைக்கு நடந்துபோனாள். இரண்டு தெருவும் பார்க்கிற மாதிரி நின்றாள். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள், தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லா வாசலுக்கும் பொதுவாகக் கூப்பிட்டாள்.

"உப்பு ஏத்துதோம்."

கிழக்குத் தெருவில் முதல் கதவு திறந்தது. இடுப்பில் குடத்தோடு, ஒரு பக்கம் சாய்ந்து, வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு லூர்தம்மாள் வெளியே வந்தாள், குடத்தின் கழுத்தை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் அடுத்த கதவு திறந்தது, அதற்கு எதிர்க் கதவு திறந்தது, மேற்குத் தெருவில் வாளியும் அண்டாவும் நகைப்பெட்டியும் வெளியே வந்தன, தெரு கொள்ளாமல் வந்தன. லாரி ஓட்டுநர் ஏணிமேல் ஏறி நின்று எட்டிப் பார்த்து, வண்டி ஒன்று போதாது போலிருக்கே, இன்னொரு வண்டிக்குச் சொல்லட்டுமா என்று வியாபாரியிடம் கேட்டார்.

வியாபாரி வாய் திறக்குமுன், சொல்லுங்க என்றாள் முத்துப்பேச்சி.